படகில் நாலு பேர்

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால்தான் எனக்குப் பயம் வந்தது. என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு அவ்வளவு லேசில் வராது. கல்யாண ஆல்பத்திலேயே பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரிதான் நிற்பார். சரக்குக் கப்பலில் அவருக்குப் போசன் வேலை. மேல்தளத்தில் கயிறும் பெயின்டுமாகக் கிடக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் நெட் கிடைத்து வீடியோ காலில் வந்தவர், மகளைக் கொஞ்சி முடித்துவிட்டு, "இன்னிக்கு லைஃப்போட் டிரில்லுல ஒரு கூத்து ஆயிடிச்சிமே" என்று சிரித்தார்.

கப்பல் முழுகினால் தப்பிப்பதற்காகப் பக்கவாட்டில் ஒரு மூடிய படகைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் லைஃப்போட். முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி, இரண்டிலும் இரும்பு வடம். அவ்வப்போது ஆட்கள் உள்ளே உட்கார்ந்து அதைக் கடலில் இறக்கிப் பழக வேண்டும். தண்ணீரைத் தொட்ட பிறகு உள்ளே இருக்கிற லீவரை இழுத்தால் இரண்டு கொக்கியும் ஒன்றாகத் திறக்கும். அன்றைக்கு லீவரை யாரும் தொடவே இல்லை. படகு தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் இருக்கும்போது பின்பக்கக் கொக்கி தானாகத் திறந்துகொண்டது.

"அப்டியே பின்னால குந்திகிச்சி போட்டு. நாலு பேரும் ஒருத்தன் மேல ஒருத்தன் வுழுந்தோம். தேர்டு ஆபீசருக்கு மூக்குல ரத்தம். வேற ஒண்ணும் ஆவல" என்றார்.

"மேல இருக்கும்போதே தொறந்திருந்தா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "அஞ்சு மாடி உயரம்" என்றார்.

கேப்டன் என்ன சொன்னார் என்று கேட்டேன். கேப்டன் எல்லோரையும் நிறுத்திவைத்து, யாருக்கும் அடி இல்லையே, அப்படியானால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னாராம். டிரில் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியும் விட்டாராம். அடுத்த துறைமுகத்தில் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது. நடந்ததை எழுதினால் கப்பலைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

"வுடு. தலைக்கு வந்தது தலப்பாயோட போச்சி" என்றார் என் வீட்டுக்காரர்.

இந்தப் பழமொழியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலைப்பாகையோடு போனது சரி. அது எங்கேயிருந்து வந்தது, இன்னொரு தடவை வருமா என்று ஒருத்தராவது திரும்பிப் பார்த்தார்களா? நான் கத்த ஆரம்பித்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். அடுத்த துறைமுகத்துக்குப் போனதும், அதிகாரிகள் வருவதற்கு முன்னால் கப்பலில் இருப்பவர்களே ஒரு முறை படகை இறக்கிப் பார்க்கப் போகிறார்களாம்.

"உள்ள யாரு குந்துவாங்க?"

"நாங்கதான். வேற எவன் குந்துவான்?"

"நீ ஏறாத மாமா."

"போசனே ஏறலன்னா எவன் ஏறுவான்? த பாரு, இத்த யார்கிட்டயும் சொல்லிகினு திரியாத. ஏஜெண்டு காதுக்குப் போச்சின்னா என் பேர அடிச்சிடுவான். என் தம்பியும் அவன்கிட்டதான் கீறான். உன் வாயி எனக்குத் தெரியும்."

என் வாய்க்கு எங்கள் ஊரில் பெயர் உண்டுதான். புதுவாயலில் கம்பெனி பஸ் ஒரு நாள் என்னை விட்டுவிட்டுப் போனதற்கு நான் பேசிய பேச்சில், அதற்கப்புறம் டிரைவர் நான் ஏறினேனா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவார். ஆனால் அன்றைக்கு என் வீட்டுக்காரர் போனை வைத்த பிறகு, எனக்குச் சத்தமே வரவில்லை. மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பீரோ கதவில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. சென்னையில் ஏதோ டிரெயினிங் போனபோது அவருக்குக் கொடுத்தது. மகள் அதில் கப்பல் படம் இருக்கிறது என்று எடுத்து ஒட்டிவிட்டாள். கடலில் ஆபத்து வந்து மயிரிழையில் தப்பினால் எங்களுக்குச் சொல்லுங்கள், உங்கள் பெயர் யாருக்கும் போகாது, மற்ற கப்பல்களுக்குப் பாடமாக மட்டும் எழுதுவோம் என்று ஆங்கிலத்தில் போட்டு, ஒரு போன் நம்பரும் மெயில் முகவரியும் இருக்கும். அரசாங்கமும் இல்லை, கப்பல் கம்பெனியும் இல்லை, தனியாக நடத்துகிற அமைப்பு. இதைப் பற்றி ஒருமுறை கேட்டதற்கு, "பேரு போவாதாம்! கப்பல்ல கீறதே இருவது பேரு, கோழி கூவனா எந்தக் கோழின்னு தெரியாதா?" என்று அவர் கிண்டலடித்தார்.

எழுத எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதுதான் தப்பாகப் போனது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் பிரிவில் வேலை. அங்கேயும் 'நியர் மிஸ்' கார்டு என்று ஒன்று உண்டு. மயிரிழையில் தப்பிய சம்பவங்களை நாமாக எழுதிப் போட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் பிரிவுக்கு மாதம் இத்தனை கார்டு வந்தே ஆக வேண்டும் என்று ஒரு டார்கெட் போட்டார்கள். அன்றோடு அது வீட்டுப்பாடம் ஆகிவிட்டது. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் கத்துவார், நாங்கள் உட்கார்ந்து கதை கட்டுவோம். தரையில் எண்ணெய். படியில் வெளிச்சம் போதாது. பாதையில் பெட்டி கிடந்தது. நிஜமாகவே ஒரு நாள் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி என் செருப்பின் மேல் மட்டும் ஏறிப் போனதே, அதை யாரும் எழுதவில்லை. எழுதினால் அந்த டிரைவர் பையனுக்கு வேலை போய்விடும்.

கார்டில் கடைசிக் கட்டம் முக்கியம். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், விஷயம் முடிந்ததா என்று கேட்கும். முடிந்தது, 'க்ளோஸ்டு' என்று போடாத கார்டை சூப்பர்வைசர் வாங்கவே மாட்டார். ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிற சார்ட்டில் அது சிவப்பாகத் தெரியுமாம். அதனால் நாங்கள் முதலில் முடிந்தது என்று எழுதிவிட்டுத்தான் என்ன நடந்தது என்றே யோசிப்போம். எங்கள் பிரிவில் பாதிப் பேருக்குக் கார்டு எழுதிக் கொடுக்கிறவள் நான்தான். என் கை அதற்கு அப்படிப் பழகியிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்து, கேன்டீனில் சோற்றை மூடிவைத்துவிட்டு, ஸ்டிக்கரில் இருந்த முகவரிக்கு மெயிலைத் தட்டினேன். தெரிந்த ஆங்கிலத்தில் கப்பல் பெயர், படகு, பின்பக்கக் கொக்கி, நாலு பேர் என்று எல்லாம் போட்டேன். அனுப்பியதும் நெஞ்சில் பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. அந்தச் சோற்றை ரசித்துச் சாப்பிட்டதை இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

கப்பல் கிளம்பிவிட்டது. கப்பல்காரர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருடைய போனிலும் ஓர் ஆப் இருக்கும். உலக வரைபடத்தில் கப்பல்கள் சின்னச் சின்ன அம்புக்குறிகளாக நகரும். காசு கட்டாமல் பார்த்தால், நடுக்கடலுக்குப் போனதும் அம்பு அப்படியே உறைந்துவிடும். மறுபடி கரைக்குப் பக்கத்தில் வந்தால்தான் உயிர் வரும். அம்பு நகர்ந்தால் அவருக்கு நெட் கிடைக்கும், போன் வரும் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு நான் பஸ்ஸிலேயே குதித்த நாட்கள் உண்டு. இந்த முறை அம்பு நகரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கரை வந்தால் படகை இறக்குவார்கள்.

ஒரு காலை கம்பெனி பஸ் கும்மிடிப்பூண்டியில் ரோட்டை விட்டுத் திரும்புகிற இடத்தில் ஆப்பைத் திறந்தேன். அம்பு இடம் மாறியிருந்தது. வேறு ஒரு கரையை நோக்கி அதன் மூக்கு திரும்பியிருந்தது.

அந்த அமைப்பிலிருந்து ஏதாவது பதில் வந்திருக்குமா என்று அப்போதுதான் மெயிலைத் தேடினேன். ஓடிபி வந்தால் தவிர நான் மெயில் பக்கமே போவதில்லை. நாலைந்து நாளாகவே ஒரு பதில் அங்கே கிடந்தது. மரியாதையான பதில். விவரம் அனுப்பியதற்கு நன்றி, கொக்கி சரிசெய்யப்பட்டு விஷயம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி, நாங்கள் புரிந்துகொண்டது சரிதானா, சரி என்றால் பெயர் எதுவும் இல்லாமல் எங்கள் மாத இதழில் பாடமாகப் போடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

முடிந்துவிட்டது என்று யார் எழுதியது? கீழே என் மெயிலைத் திறந்து பார்த்தேன். கடைசி இரண்டு வரி: கொக்கி சரிசெய்யப்பட்டது, கவனமாக இருக்கும்படி ஆட்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. க்ளோஸ்டு.

நானேதான் எழுதியிருந்தேன். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறது. என் புருஷன் உட்காரப் போகிற படகைச் சரியாகிவிட்டது என்று நானே முடித்து அனுப்பிவிட்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கம்பெனி கேட்டுக்குள் போகவில்லை. உள்ளே போனால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் போனை லாக்கரில் போட வேண்டும். எதிரில் இருந்த டீக்கடைக்குப் பின்னால் போய் நின்று, மெயிலின் அடியில் இருந்த நம்பரை அடித்தேன். கம்பெனி சங்கு ஊதியது. செக்யூரிட்டி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

எடுத்தவர் ஒரு ரிட்டயர்டு கேப்டன். குரலிலேயே வயது தெரிந்தது. என் ஆங்கிலத்தைக் கேட்டதும் தன் ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தார். "நாட் க்ளோஸ்டு சார், நாட் க்ளோஸ்டு, மை மிஸ்டேக்" என்றுதான் நான் ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை. பதில் வராததால் தானே மறுபடி எழுத இருந்ததாகச் சொன்னார். வலதுபக்கப் படகா இடதுபக்கமா, இறக்கும்போதா ஏற்றும்போதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அடுத்த டிரில் எப்போது என்று கேட்டார். கப்பல் கரைக்கு வந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ என்றேன். அவர் மூச்சை இழுத்துவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். வழக்கமாக நாங்கள் கப்பல் பெயரைச் சொல்ல மாட்டோம், இந்த மாதிரிக் கொக்கி இருக்கிற எல்லாக் கப்பலையும் சோதித்துப் பாருங்கள் என்றுதான் கம்பெனிக்கு எழுதுவோம். அப்போது யார் சொன்னது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதற்கு நாளாகும். இன்றைக்கே தடுக்க வேண்டுமானால் கப்பல் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால், சந்தேகம் படகில் இருந்த நாலு பேர் மேலேதான் விழும். உங்கள் பெயரோ உங்கள் கணவர் பெயரோ என் வாயிலிருந்து வராது. அவர்களாகவே நாலு பேரில் ஒருவரைக் கைகாட்டினால் அதைத் தடுக்க எனக்கு வழி இல்லை. நீங்கள் சரி என்று சொல்லாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன்.

என் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. எப்படிக் கேட்பது? அவர் போனுக்கு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. கேட்க முடிந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். வேலை போனால் அவர் பேச மாட்டார், கொழுந்தனார் பேச மாட்டார், இன்னொரு கப்பல் கிடைக்காது. எல்லாம் தெரிந்தது. டீக்கடைப் பின்சுவரில் பால் பாக்கெட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு ஐந்து மாடி உயரம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"கப்பல் பேரச் சொல்லுங்க சார்" என்றேன். தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அம்பு துறைமுகத்துக்கு வெளியே, மற்ற கப்பல்கள் காத்து நிற்கிற இடத்தில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். கரை பக்கத்தில் இருக்கிறது, நெட் கிடைக்க வேண்டும், போன் வரவில்லை. ரிட்டயர்டு கேப்டனிடமிருந்து, 'எழுதிவிட்டோம், கிடைத்ததாகப் பதில் வந்தது' என்று இரண்டு வரி மெயில். கம்பெனி என்ன செய்தது என்று அவருக்கும் தெரியாது. மகள் ஸ்கூலில் யாரோ பென்சிலைப் பிடுங்கிக்கொண்டதாகச் சொன்னதற்கு அவளை அடித்துவிட்டேன். பென்சிலைப் பறிகொடுத்தவளையே அடித்தேன். பாவம், அவள் அழக்கூட மறந்து என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய் மடவை மீன் வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் போர்ஷனில் இருக்கிற கொழுந்தனார் வந்து நின்றார். அவரும் கப்பல்காரர்தான். ஊருக்கு வந்து, அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்தார். இருவருக்கும் கப்பல் வேலை பிடித்துக் கொடுப்பது ஒரே ஏஜெண்டு.

"அண்ணி, விசயம் தெரியுமா? அண்ணன் கப்பல்ல எவனோ போட்டுக் குடுத்துட்டானாம். ஏஜெண்டு ஆபீஸ்ல ஒரே பேஜாரா கீது."

"இன்னாத்த போட்டுக் குடுத்தாங்க தம்பி?" என்று மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"லைஃப்போட் மேட்டராம். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எவன்னு மட்டும் தெரியட்டும், அவன் அப்பறம் ஒரு கப்பல்லயும் கால வெக்க முடியாது."

"யாருக்காச்சும் அடி கிடி பட்டுதாமா?"

"அது தெரில" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அது மட்டும் தெரியாதாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரு மீனை எலும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டிவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஏன் அழுவுற?" என்றார். வெங்காயம் என்றேன். கொதித்துக்கொண்டிருந்த குழம்பு அவருக்குக் கேமராவில் தெரிந்திருக்கும். அவருக்கு அவர் கோபம். கம்பெனியிலிருந்து உத்தரவு வந்ததாம். ஒருத்தரும் படகில் ஏறக் கூடாது, கொக்கிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு போட்டு, காலிப் படகைத்தான் இறக்க வேண்டும் என்று. அந்தக் கயிறு கப்பலிலேயே இருந்ததாம், ஸ்டோரில், பிளாஸ்டிக் பையைக்கூடப் பிரிக்காமல்.

"காலி போட்டு எறங்கிச்சி, ஏறிச்சி. ஒண்ணும் ஆவல. இதுக்குப் போய்க் கரைலேர்ந்து ஒருத்தன் வந்தான், கொக்கியக் கழட்டனான், துணில சுத்தி எத்துக்கினு போயிட்டான். வேற கொக்கி மாட்டிகீறான். எங்களுக்கு வெளிய போவக்கூட லீவு இல்ல. கேப்டன் ஒவ்வொருத்தனையா ரூமுக்குக் கூப்ட்டு விசாரிச்சாரு."

"உன்னையுமா?"

"என்னையும்தான். தேர்டு ஆபீசருதான்னு கப்பல் பூரா பேச்சி. அடுத்த போர்ட்டுல அவன எறக்கி வுட்றாங்களாம்."

தேர்டு ஆபீசர் என்பவர் அந்தப் படகில் மூக்கில் ரத்தம் வந்தவர். முதல் முறையாக ஆபீசராக ஏறியிருக்கிறவர், கல்யாணம்கூட ஆகவில்லை என்று இவர் முன்பே சொல்லியிருக்கிறார். அன்றைக்கே ரிட்டயர்டு கேப்டனுக்குப் போன் போட்டேன். அந்த ஆபீசரும் உங்களுக்கு எழுதினாரா என்று மட்டும் சொல்லுங்கள் சார், அவரும் எழுதியிருந்தால் என் மனசு ஆறும் என்றேன். "இன்னொருத்தரைப் பற்றி உங்களிடம் சொன்னேன் என்றால், உங்களைப் பற்றியும் ஒரு நாள் இன்னொருத்தரிடம் சொல்லுவேன் என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்த முகம் தெரியாத ஆள், வேலையை விட்டு இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரியே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. பாவம் செய்துவிட்டேனோ என்று நினைப்பேன். உடனே, இவர் உயிரோடு இருக்கிறாரே என்று நினைப்பேன். இரண்டும் மாறி மாறி வரும்.

கான்ட்ராக்ட் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தார். வந்த அன்று மத்தியானம் அண்ணனும் தம்பியும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பேச்சு அந்த லைஃப்போட் விஷயத்துக்குத்தான் போனது.

"கடைசில கேப்டன் எல்லார் முன்னாடியும் தேர்டு ஆபீசரக் கேட்டாரு, நீதானேன்னு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லணுமா வேணாமா? தலையக் குனிஞ்சிகினு நின்னான். அப்ப அவன்தானே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"துரோகி" என்றார் கொழுந்தனார், வாயில் சோற்றோடு. என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் நண்டு வைத்துக்கொண்டிருந்தேன். யாராவது என்னை ஒரு சொல் சொன்னால் மறு சொல்லுக்கு இடம் வைக்காதவள், வாயை மூடிக்கொண்டு இரண்டு பேருக்கும் இன்னொரு நண்டு வைத்தேன். கொழுந்தனார் கை கழுவிக்கொண்டு போகிற வரைக்கும் பொறுத்தேன்.

"அந்தாள அப்டி சொல்லாத. அது நான்தான்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. ஸ்டிக்கரிலிருந்து டீக்கடை வரைக்கும் சொன்னேன். நான் பாதியில் இருக்கும்போதே, "மெதுவாப் பேசு" என்று சுவரைக் காட்டினார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தம்பி. சொல்லி முடித்த பிறகும் அவர் கையிலிருந்த நண்டுக் காலைக் கீழே வைக்கவில்லை.

"கேப்டன் கேட்டப்ப நா சத்தியம் பண்ணேன்" என்றார் கடைசியில். "புள்ள மேல சத்தியம்னு இங்கிலீஷ்ல எப்டி சொல்றதுன்னு தெரில. பாப்பா போட்டோவ போன்ல காட்டிச் சொன்னேன். அது பொய்ச் சத்தியம் இல்லியே?"

"இல்ல மாமா. உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"இப்ப தெரிஞ்சிபோச்சே. அடுத்த தபா ஏஜெண்டு கேட்டா இன்னா சொல்றது?"

"என் பேரச் சொல்லு. உங்க கப்பல்ல எனக்கு வேல இல்ல, என்ன எறக்கி வுட முடியாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தக் கொக்கியக் கழட்டும்போது நா பக்கத்துல நின்னேன். உள்ள கீற துண்டு பாதிக்குப் பாதி தேஞ்சி கெடந்துது. இன்னொரு தபா தாங்கியிருக்காது. பாத்துட்டுக் கீழப் போய் வாந்தி எடுத்தேன். யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் அவனத் திட்டனாங்க, நானும் சேந்து திட்டனேன்."

அவ்வளவுதான் பேசினார். படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் காலை நாஷ்டாவுக்குக் கொழுந்தனார் மறுபடி வந்தார். ஏஜெண்டு ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் தோசையோடு என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அந்த தேர்டு ஆபீசர் பேரு இன்னாண்ணா? ஆபீஸ்ல கேக்கறாங்க. இனிமே எங்கயும் ஏத்தக் கூடாதுன்னு எல்லா ஏஜெண்டுக்கும் சொல்லி வெக்கப் போறாங்களாம்."

"அவன் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னாண்ணா, நேத்து நீதானே சொன்ன?"

"நேத்து தெரியாம சொல்லிட்டேன். அவன் இல்ல. ஆபீஸ்ல போய் அப்டியே சொல்லு."

"உனக்கு எப்டித் தெரியும்?"

அவர் தோசையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். கொழுந்தனார் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"அப்ப நீயாண்ணா?"

என் வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லவில்லை. அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, நாற்காலிக்குக் கீழே என் காலை அழுத்தி மிதித்தார்.